லுணுகலையில் ஆறு நிமிட நடை

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினாறு பாகை. காற்றையும் சேர்த்தால் இருபத்து மூன்று என்று தொலைபேசி காட்டியது. புதிய பனி விழவில்லை, பழையது கல்லாக இறுகிக் கிடந்தது. அந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் எங்கும் போகாமல் நடந்துகொண்டிருந்தேன். காலுக்கடியில் நடை இயந்திரத்தின் கறுப்புப் பட்டி பின்னால் ஓடியது, நான் முன்னால் நடந்தேன், எதிரே இருந்த சுவர் அதே இடத்தில் இருந்தது. கனடாவுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் இந்த நடை எனக்குப் பழகவில்லை. பதுளைப் பக்கத்தில் நடந்தால் ஏதாவது ஓர் இடம் வந்துவிடும். கடை வரும், கோயில் வரும், குறைந்தபட்சம் ஒரு நாயாவது கூட வரும். இங்கே அரை மணி நேரம் நடந்து இறங்கினால், ஏறிய இடத்தில்தான் செருப்பு கிடக்கிறது.

பக்கத்தில் என் மகள் கௌரி, தன் படிப்புக்கான ஒத்திகையாக, ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் ஆறிலிருந்து இருபது வரை எண்கள். ஆறு என்றால் உடம்புக்கு ஒரு சிரமமும் இல்லை. இருபது என்றால் இதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாது. ஒன்றில் தொடங்காமல் ஏன் ஆறில் தொடங்குகிறது என்று கேட்டேன். கணக்குப் படிப்பித்தவனால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத் துடிப்பு வரும் என்றாள். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இருந்தது.

"எத்தனை அப்பா?"

"ஏழு."

"நெஞ்சு நூத்தி இருபத்தஞ்சு அடிக்குது. சட்டை முதுகோட ஒட்டியிருக்கு. ஏழா?"

"சரி, எட்டுன்னு போட்டுக்க."

அவள் சிரித்துவிட்டு எட்டு என்றே எழுதினாள். சொல்பவர் சொல்லும் எண்ணைத்தான் எழுத வேண்டும், அளப்பவர் திருத்தக் கூடாது என்பது அந்தப் படிப்பின் விதி. அந்த விதியை அன்றைக்கு நான் ஒரு விளையாட்டுப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

கௌரிக்கு முப்பத்தேழு வயது. பதுளையில் படித்த காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடியவள். இங்கு வந்து நகரசபையின் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் துவாய் மடிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு வரவேற்பு மேசைக்கு வந்து, அதன்பிறகு அங்கே வயதானவர்களுக்கான வகுப்பை நடத்தத் தொடங்கினாள். அப்படியே பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டாள். உடற்பயிற்சி விஞ்ஞானமும் விளையாட்டு நிர்வாகமும் சேர்ந்த முதுமாணிப் படிப்பு. ஓடுவதற்கும் நடப்பதற்கும் ஒரு பட்டமா என்று நான் பல நாள் மனதுக்குள் புழுங்கியிருக்கிறேன். வேலையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இந்த வயதில் இவளுக்கு இது எதற்கு என்ற கவலை வேறு. அவள் படிக்கும் பாடங்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கினேன். இதயம், நுரையீரல், தசை எல்லாம் ஒரு பக்கம். மைதானத்துக்கு யாரிடம் அனுமதி வாங்குவது, விழுந்தவரை யார் தூக்குவது, குடிதண்ணீர் எத்தனை அடிக்கு ஒன்று வைப்பது என்பதெல்லாம் இன்னொரு பக்கம். முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடத்திய எனக்கு, இரண்டாவது பக்கம் நன்றாக விளங்கியது. விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

மார்ச் மாதம் என்னைத் தன் ஆய்வுகூடத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய மேற்பார்வையாளரான பேராசிரியை, மெலிந்த, நரைத்த பெண்மணி, என் மார்பில் கம்பிகளை ஒட்டினார். பட்டியில் ஏறும்போது "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில் மறுபடி சொன்னார். நான்காவது நிமிடத்திலும் சொன்னார். என்னை முடியாதவன் என்று நினைக்கிறாரோ என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கச் சொன்ன பிறகும், "இன்னும் இரண்டு நிமிடம்" என்று கேட்டு நடந்து காட்டினேன். அவர் புன்னகைத்துக்கொண்டே எதையோ குறித்தார். வெற்றி என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை முழுவதும் முழங்காலுக்கு ஐஸ் வைத்திருந்தேன்.

கௌரியின் ஆய்வு இதுதான். ஆயுள் முழுவதும் மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்ற பெண்களின் உடம்பு எப்படி இருக்கிறது, அவர்களுக்கு எந்த அளவு நடை நல்லது என்று பார்ப்பது. முப்பது மீற்றர் தூரத்துக்கு இரண்டு கூம்பு வைத்து, ஆறு நிமிடம் போய்வரச் சொல்வாள். களைத்தால் மெதுவாக நடக்கலாம், நிற்கலாம், நாற்காலியில் உட்காரலாம். முடிவில் அட்டையைக் காட்டி எண் கேட்பாள். விரலில் ஒரு சிறு கருவியை மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனையும் துடிப்பையும் பார்ப்பாள். இதை வைத்துத் தோட்டங்களில் வயதான பெண்களுக்கு ஒரு நடைக்குழு அமைக்கும் திட்டமும் எழுத வேண்டும். அது படிப்பின் நிர்வாகப் பகுதி. வேலைத்தலத்தில் அவளுக்கு ஐந்து கிழமை விடுமுறை கிடைத்தது. அதற்குள் முடியாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒரு வருடம் தள்ளினால் தன்னால் மறுபடி தொடங்க முடியாது என்று, மருமகனிடம் அவள் சொன்னதை நான் படியில் நின்று கேட்டிருக்கிறேன். ஆகவே ஜூலையில் நானும் கூட இலங்கைக்குப் போனேன். மூன்று மூக்குக்கண்ணாடி, இரண்டு குடை, மருந்து எல்லாவற்றிலும் இரட்டிப்பு.

ஜூலை மாதத்து ஊவா மலைநாடு எப்படி இருக்கும் என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை விட்டுவிடும், மலைக்கு அந்தப் பக்கமிருந்து காய்ந்த காற்று இரவும் பகலும் இறங்கும். கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். பதுளையில் என் தம்பி வீட்டில் தங்கி, வாடகை வேனில் லுணுகலைக்கு மேலே நான் படிப்பித்த தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்துரையிடம் மைதானத்துக்கு ஒரு கடிதம், பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம், மருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் என்று கௌரி அலைந்தாள். ஆட்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. அவள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆளுக்கொரு துவாயும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தைந்து வயதுப் பெண்ணை அரை நாள் வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு போத்தலா? அவள் இல்லாத ஒரு மாலையில், கோயில் முன்றலில் கூடியிருந்தவர்களிடம் நானாகவே சொன்னேன்.

"ஒருத்தரும் சும்மா வரவேணாம். நம்ம பாப்பாவுக்காக நடக்கிற எல்லாருக்கும் ஒரு பேர் போட்டுடுவேன். என் கைக்காசு."

முன்வரிசையில் இருந்த பேச்சியம்மா கேட்டாள். என்னைவிட மூன்று வயது இளையவள், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். "முழுப் பேருங்களா மாஸ்டர், அரைப் பேருங்களா?"

"முழுப் பேருதான் பேச்சி."

"துரைமாருகூட இப்புடிச் சொன்னதில்ல. மாஸ்டரு கனடா போயி நல்லா வெளுத்துட்டாரு, மனசும் வெளுத்துருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு நாள் கூலியைத்தான் ஒரு பேர் என்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுத்து வேலை பிரிப்பார்கள். பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலையில் கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். என் அம்மா கொஸ்லந்தையில் பறித்தவள். காய்ச்சல் நாளில் கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு புறப்படுவாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அந்த ஒண்ணுமில்லவைச் சொல்லித்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள். இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தச் சொல்லை அன்று அவ்வளவு சுலபமாக எடுத்துப் பேசினேன்.

நடை நாளன்று ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். ஆறேகாலுக்கே இருபத்திரண்டு பேரும் பாடசாலை மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் வரிசையாக நிற்கச் சொல்லவில்லை. வெயில் வரும் என்று நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூம்பின் அருகே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கௌரி அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். "களைச்சா நில்லுங்க அம்மா. ஒரு பிரச்சினையும் இல்ல. நாற்காலி இருக்கு." அவர்கள் தலையை ஆட்டினார்கள். நடந்தபோது முதுகைச் சற்று முன்னால் வளைத்து, கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு நெற்றியில் இருப்பது போலவே நடந்தார்கள். சும்மா இருக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. ஆறு நாற்காலிகளும் காற்றில் தூசி படிந்து காலியாகவே கிடந்தன. அட்டையைக் காட்டிய இடத்தில் எட்டு, ஏழு, மறுபடி எட்டு. பேச்சியம்மா நெஞ்சு ஏறி இறங்க, "ஆறு போட்டுக்கம்மா, நடந்த மாதிரியே இல்ல" என்றாள். எல்லோருக்கும் தேநீரும் பணிஸும் கொடுத்து, நாள் சம்பளத்துக்குமேல் கொஞ்சம் கூட்டி ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாயை நானே கையில் கொடுத்தேன். அந்த நேரம் கௌரி கருவிகளைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது என் மனம் நிறைந்திருந்தது. என் பாடசாலைப் போட்டிகளில்கூட இப்படி எல்லோரும் முடித்தது இல்லை.

மறுநாள் மாலை பேராசிரியை கணினித் திரையில் வந்தார். அங்கே அவருக்குக் காலை. நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பேர் இடையில் நிறுத்தினார்கள்?" என்று கேட்டார்.

கௌரி பதில் சொல்லுமுன் நான் குறுக்கே ஆங்கிலத்தில் சொன்னேன், ஒருவரும் இல்லை, நூற்றுக்கு நூறு. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கௌரி அனுப்பிய பட்டியலைத் திறந்தார். பிறகு துடிப்புக் கணக்கையும் சொன்ன எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நூற்றி நாற்பது அடித்த நெஞ்சுக்கு ஆறு. நூற்றி முப்பத்தாறுக்கு ஏழு. "இவர்கள் உங்களுக்கு எதற்காகப் பயப்படுகிறார்கள்?" என்று கௌரியிடம் கேட்டார். எங்களுக்கு யார் பயப்படப் போகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அங்கே உள்ளவர்களுக்கு எங்கள் ஆட்களின் உரம் தெரியாது என்று மகளிடம் தமிழில் முணுமுணுத்தேன். அவள் எண்களை இரண்டு வரிசையாக எழுதத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த நாள் பேச்சியம்மா இருக்கும் லயத்து வரிசைவீட்டுக்குப் போனோம். அவள் தன் காம்பரா அறையின் வாசலில் இருந்து இரண்டு காலையும் சுடுதண்ணீரில் வைத்திருந்தாள். வீங்கியிருந்தன. அன்று நடை முடிந்து பாடசாலைச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததாகப் பக்கத்துக் காம்பராப் பெண் சொல்லிவிட்டாள்.

"ஏன் அம்மா நிக்கல்ல? நான் சொன்னேன்தானே?" கௌரி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நீ சொன்னே பாப்பா. சொல்றதுக்கென்ன, அய்யாமாருகூட மெதுவாப் பறிங்கன்னுதான் சொல்லுவாங்க." அவள் சிரித்தாள். "நின்னா அரைப் பேருதானே. மாஸ்டரு வேற கணக்கப்புள்ள மாதிரி கொடையப் புடிச்சுக்கிட்டு பேரு கூப்புடுறாரு. அவரு பாக்க எப்புடி ஒக்கார்றது? முன்னால போன மூக்காயி ஒக்காரல்ல, நான் ஒக்காந்தா நாளைக்குத் தண்ணி புடிக்கிற பீலிக்கரையில என்னய வச்சே சிரிப்பாளுக."

கௌரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "பேர் போடுறேன்னு சொன்னீங்களா அப்பா?"

"நாள் சம்பளமாவது கொடுக்கணும்தானே. நான் அரைன்னு சொல்லவே இல்ல."

"நீங்க சொல்லத் தேவையில்ல அப்பா."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பேச்சியம்மாவின் காலைத் துணியால் துடைத்து, மருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய்க் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விட்டாள். இறங்கும் பாதையில் பாதி வழியில்தான் பேசினாள். "இதுல ஒண்ணையும் நான் எழுத முடியாது. விரும்பி நடக்கல்ல, விரும்பி முடிக்கல்ல. பல்கலைக்கழகக் கமிட்டிக்கு அறிவிக்கணும்." பிறகு, "இந்தப் படிப்புல முதல் வகுப்புலயே சொன்னது இது. ஒரு போட்டி நடத்துறவங்க முதல்ல பார்க்க வேண்டியது, விலகிப் போறவங்களுக்கு வழி இருக்கான்னு" என்றாள். முப்பத்தொரு வருடம் போட்டி நடத்தினேன். எல்லைக்கோடு போட்டிருக்கிறேன், முடிவுக்கோடு போட்டிருக்கிறேன். அப்படி ஒரு வழியைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

அறிவித்தாள். ஒன்றையும் மறைக்காமல், அப்பா இப்படிச் சொன்னார் என்றே எழுதினாள். மறுபடி நடத்தலாம், ஆனால் புதிய முறையை எழுதி அனுமதி பெற வேண்டும் என்று பதில் வந்தது. அந்த அனுமதிக்குப் பத்தொன்பது நாள் காத்திருந்தோம். அவளுடைய விடுமுறை முடிந்து, சம்பளமில்லாத விடுமுறை தொடங்கியது. பயணச்சீட்டை மாற்றினோம். மகளுடைய படிப்பு என் வாயால் போய்விட்டது என்று எனக்கு இரண்டு வேளைச் சோறு இறங்கவில்லை. அவளோ காலையில் பதுளை மைதானத்தில் பழைய சிநேகிதிகளோடு மெதுவாக ஓடிவிட்டு வந்து, எனக்கு முட்டை அப்பம் வாங்கி வருவாள். "சாப்பிடுங்க அப்பா. உங்களுக்குக் கொடுக்கத்தான் தெரியும், அது குற்றமில்ல. கொடுக்கிற விதத்தைத்தான் மாத்தணும்." நான் அவளுக்குச் சிறு வயதில் வகுத்தலைச் சொல்லிக் கொடுத்தபோது இவ்வளவு பொறுமையாக இருந்தேனா என்று தெரியவில்லை.

புதிய முறை இப்படி. பணம் நடைக்கு முந்திய நாளே, கடித உறையில், அதிபர் கையால். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது அவர்களுடையது. வரிசை இல்லை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் விரும்பிய நேரம் வரலாம். ஒருவர் நடப்பதை மற்றவர் பார்க்காதபடி, வந்தவர்கள் மண்டபத்துக்குள் காத்திருக்க வேண்டும். கடைசி விதி என்னைப் பற்றியது. நான் மைதானத்துக்குள் வரக் கூடாது. மேலே வீதி வளைவில் ஒரு தாழ்ந்த கல்கட்டு இருக்கிறது. அங்கே இருந்து பார்க்கலாம். குடை கூடாது.

குடையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது மணிக்கு ஒருவரும் வரவில்லை. ஒன்பதரைக்கு மூன்று பேர் கதைத்துக்கொண்டே வந்தார்கள். பன்னிரண்டு மணிவரை எண்ணியதில் பதினெட்டு. நான்கு பேர் வரவே இல்லை. அதில் மூக்காயி பணத்தை எடுத்துக்கொண்டு ஹல்துமுல்லையில் உள்ள மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. கொடுத்த காசு வீண் என்று நான் புலம்பினேன். கௌரி அதைக் கேட்டுக் கைதட்டினாள். "வராம இருக்க முடியுதுன்னா, வந்தவங்க விரும்பி வந்திருக்காங்க அப்பா."

பேச்சியம்மா பதினொரு மணியளவில் வந்தாள். கால் வீக்கம் வற்றியிருந்தது. மருந்து நிலையத்தில் சரி என்று சொன்ன பிறகுதான் கௌரி அவளைச் சேர்த்தாள். ஒரு தடவை போய் வந்தாள். இரண்டாவது தடவை போனாள். திரும்பும் வழியில் நடை தளர்ந்தது. நான் கல்கட்டை விட்டு எழுந்துவிட்டேன். வாய்வரை வந்த ஏதோ ஒரு சொல்லை விழுங்கினேன். அவள் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லையா என்று பார்ப்பது போல. கௌரி கையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மா பக்கத்திலிருந்த நாற்காலியைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டு, மெல்ல அதில் உட்கார்ந்து, கால்களை நீட்டினாள். அறுபத்தொன்பது வயதில், வேலை நேரத்தில், நான் பார்த்திருக்க உட்கார்ந்தாள். பிறகு தலையைத் தூக்கி வீதி வளைவைப் பார்த்து, காற்றுக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"மாஸ்டர், நான் ஒக்காந்துட்டேன். எழுதிக்கங்க."

அவள் அட்டையில் காட்டிய எண் பதினைந்து. அன்று பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் இடையில் உட்கார்ந்தார்கள். கௌரி அந்த ஒன்பதையும் எழுதிவிட்டு மறுபடி ஒரு தடவை எண்ணிப் பார்த்ததாக அதிபர் சொன்னார். மேலே எனக்குக் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி படிந்திருந்தது. ஊவாவின் ஜூலைக் காற்று ஆகஸ்டிலும் அப்படித்தான்.

இப்போது அவளுடைய ஆய்வு ஏற்கப்பட்டுவிட்டது. நடைக்குழுத் திட்டத்தில் முதல் பந்தி நாற்காலிகளைப் பற்றியது. தோட்டத்தில் கிழமைக்கு இரண்டு நாள் நடக்கிறார்களாம், பேச்சியம்மா வேண்டுமென்றே ஒவ்வொரு சுற்றிலும் உட்காருகிறாளாம். இங்கே நாங்கள் மறுபடி கையுறை தேடும் காலம். போன கிழமை கௌரி சமையலறை மேசையில் இருந்து, "மொத்தம் செலவு எவ்வளவு முடிஞ்சுது அப்பா? கொஞ்சம் கொஞ்சமாத் தந்துடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். தொகையையாவது சொல்லுங்கள் என்றாள். அங்கே கொடுத்ததை அங்கத்தைய காசிலும் பயணச்சீட்டுக்குக் கட்டியதை இங்கத்தைய காசிலும் வாசித்தேன். இரண்டையும் ஒன்றாக மாற்றிக் கூட்டித் தரச் சொன்னாள். பேனையை எடுத்தேன். கூட்ட எனக்கு மனம் வரவில்லை. லுணுகலையில் கொடுத்தது லுணுகலையிலேயே இருக்கட்டும் என்று தனித்தனியாகவே எழுதிக் கொடுத்தேன். இரு தடவையும் இருபத்திரண்டு பேருக்குக் கொடுத்தது, வேன், தேநீர், பணிஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய். பயணச்சீட்டு மாற்றிய வகையில் எழுநூற்று எழுபது டொலர்.